எந்த மாதம் வரலாம் என்று கேட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போன ஞாயிறு தொலைபேசியில், "எந்த மாதம் வந்தால் நல்லது அம்மா?" என்று கேட்டாய். "எப்போது வந்தாலும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டேன். பிறகு பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். தாய் என்றால் அப்படித்தான் சொல்வாள். ஆனால் நீ கேட்டது இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருக்கும் ஒருத்தியிடம். அவளுக்குத் தெரிந்ததை ஆறுதலாக எழுதுகிறேன். மருமகளுக்கும் வாசித்துக் காட்டு.

உனக்கு விசா இல்லாத காலம் ஒன்று இருந்தது. பிறகு வேலை, பிறகு பிள்ளை கைக்குழந்தை. நாங்கள்தான் லண்டனுக்கு வந்து போனோம். இப்போது உன் கையில் கடவுச்சீட்டு இருக்கிறது, பேத்திக்கும் ஆறு வயதாகிவிட்டது.

முதலில் ஆகஸ்டை விட்டுவிடு. பேத்தியின் நீண்ட விடுமுறை அப்போதுதான் என்று தெரியும். எல்லோருக்கும் அப்போதுதான், அதனால் விமானச் சீட்டும் விலை. மொண்டெல்லோ கடற்கரையில் மணல் தெரியாது, ஆட்கள்தான் தெரிவார்கள். 15ஆம் தேதி ஃபெராகோஸ்தோ என்ற பெருநாள். அதை ஒட்டிப் பல கடைகள் நாட்கணக்கில் பூட்டிக் கிடக்கும். இதையெல்லாம் பொறுக்கலாம், சிரோக்கோவைப் பொறுக்க முடியாது. ஆப்பிரிக்கப் பாலைவனத்திலிருந்து கடல் தாண்டி வரும் காற்று அது. நம் ஊர்ச் சோளகம் உடம்புக்கு இதம். இது அடுப்பு வாயிலிருந்து வருவது போல முகத்தில் அடிக்கும். அது வீசும் நாளில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதும் உண்டு, கொடியில் காயும் வெள்ளைத் துணியில் செந்தூசி படியும். பழைய பிரபுக்கள் இந்தக் காற்றிலிருந்து ஒளிந்துகொள்ளவே மாளிகைக்கு அடியில் நிலத்தைக் குடைந்து அறை கட்டியிருக்கிறார்கள். 2023 ஜூலைக் கடைசியில் வெப்பமும் காற்றும் சேர்ந்து நகரைச் சுற்றியிருக்கும் மலைகள் எரிந்தன. விமான நிலையத்தையே கொஞ்ச நேரம் மூடினார்கள். அன்று இரவு முழுவதும் ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டைத் தவிர வழியே இல்லை என்றால் எங்களைப் போல இருக்கப் பழகுங்கள். காலை ஆறு மணிக்கு எழும்பி, பதினொன்றுக்குள் வெளிவேலையை முடித்து, வீட்டுக்கு வந்து மரச்சட்டக் கதவுகளை அடைத்துவிட வேண்டும். ஆறு மணிக்குப் பிறகுதான் மறுபடி தெருவுக்கு இறங்குவது. பத்து மணிக்குச் சாப்பாடு. அப்போது பேத்திக்கு வத்தகப்பழச் சாற்றைக் காய்ச்சி இறுக வைத்த 'ஜெலோ' வாங்கிக் கொடுப்பேன். அதன் மேல் மல்லிகைப்பூ வைத்துத் தருவார்கள். கோடையில் சந்தைக்குப் போனால் நீளச் சுரைக்காயும் சுரைக் கொழுந்தும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கொழுந்துக்கு இங்கே 'தெனெரூமி' என்று பெயர், பாஸ்தாவோடு சேர்த்து ரசம் போல அவிப்பார்கள். வந்த புதிதில் இதைக் கண்டுதான் இந்த ஊரில் உயிர் வாழலாம் என்று நினைத்தேன். நான் முதலில் விளங்கிக்கொண்ட இத்தாலியச் சொல்லும் குசினிக்கு இவர்கள் சொல்லும் 'குச்சீனா'.

உங்கள் பள்ளி விடுமுறைகளில் அக்டோபர் கடைசியில் வரும் நடுத்தவணை விடுமுறை நல்லது. மழை தொடங்கியிருக்கும், ஆனாலும் நாள் முழுவதும் பெய்யாது. கடல் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும். தெருவில் கள்ளிப்பழம் விற்பார்கள். வெறுங்கையால் தொடாதே, முள் விரலில் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது. கடைக்காரனையே வெட்டித் தரச் சொல். நவம்பர் 2 இறந்தோர் நாள். செத்துப்போன தாத்தா பாட்டிமார் முதல் நாள் இரவு வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் இனிப்பும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது சிசிலியின் நம்பிக்கை. பாதாம் மாவில் செய்து நிறம் தீட்டிய பழங்கள் முன்கூட்டியே கடைகளில் அடுக்கியிருக்கும். பார்த்தால் உண்மைப் பழம் என்றுதான் கை நீட்டுவாய். நான் வந்த வருடம், வேலை செய்த வீட்டுப் பாட்டி (நொன்னா என்றுதான் கூப்பிடுவோம்) எனக்கும் ஒரு சின்னக் கூடை வைத்திருந்தார். உனக்கு அப்போது மூன்று வயது. அதிலிருந்த தோடம்பழத்தைத் தாளில் சுற்றி உனக்கென்று எடுத்து வைத்தேன். அனுப்ப வழியில்லை. பூஞ்சணம் பிடித்த பிறகும் எறிய மனம் வரவில்லை.

டிசம்பரில் வந்தால் 13ஆம் தேதி இங்கே இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள். அன்று சாந்த லூசியா திருநாள். 1646இல் பஞ்சம் வந்தபோது தானியக் கப்பல் ஒன்று கரை சேர்ந்தது, பசி பொறுக்காத சனம் கோதுமையை அரைக்காமல் அப்படியே அவித்துத் தின்றது என்று சொல்கிறார்கள். அந்த நினைவாக அன்றைக்குப் பாணும் இல்லை, பாஸ்தாவும் இல்லை. ஊரே சோற்று உருண்டை தின்னும். 'அரன்சீனா' என்று பெயர், சின்னத் தோடம்பழம் என்று அர்த்தம். சிசிலியின் கிழக்குப் பக்கத்தில் இதை ஆண்பாலில் 'அரன்சீனோ' என்பார்கள். இங்கே அப்படிச் சொல்லிவிடாதே, திருத்தாமல் விடமாட்டார்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் லண்டன்காரருக்கு வெளியில் குளிரே தெரியாது, பகலில் 15 பாகை இருக்கும். வீட்டுக்குள்தான் குளிர். தளம் முழுக்கக் கல், எங்கள் கட்டடத்தில் சூடேற்றும் வசதி கிடையாது. தடித்த காலுறையும் இரவு உடுப்பும் கொண்டு வாருங்கள். மருமகள் இதை நம்பமாட்டாள், ஆனாலும் சொல்லிவிடு. நம் ஊரில் கோயிலடியில் நிற்குமே ஈழத்தலரி, அதுதான் பலெர்மோக்காரரின் செல்லப் பூ, 'பொமேலியா' என்பார்கள். எல்லா மாடத்திலும் சட்டியில் நிற்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த கொம்புகளின் நுனியில் முட்டைக் கோதைக் கவிழ்த்து வைப்பார்கள், குருத்துக்குக் குளிர் படாமல் இருக்க. நானும் வைக்கிறேன். சியாகூல்லி என்ற பக்கத்தில் விளையும் பிந்திய மாந்தரீன் தோடையும் அப்போதுதான் வரும். கோயில்களையும் அரண்மனையையும் கூட்டம் இல்லாமல் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசன் ரொஜர் கட்டிய அரண்மனைக் கோவிலைக் கட்டாயம் காட்டுவேன். சுவரில் பொன் பதித்த கிரேக்க வேலை, மேலே தேன்கூடு போலக் குடைந்த அரபு மரவேலை. ஆளுக்கொரு தெய்வத்தைக் கும்பிட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகும் வரை நின்றிருக்கிறேன்.

மார்ச் 18 இரவு பழைய சந்துகளில் பையன்கள் மரச்சாமான்களைக் குவித்துச் சூசையப்பருக்கு நெருப்பு மூட்டுவார்கள். புகை, சத்தம், பிள்ளையோடு வேண்டாம். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் ஊரே வெளியூருக்கு உலாப் போய்விடும், அன்று எங்கும் போகத் திட்டமிடாதே.

குடும்பமாக வருவதற்கு மே கடைசி வாரத்தைத்தான் சொல்வேன். அதுவும் உங்கள் நடுத்தவணை விடுமுறைதான். லோக்கட் பழம் சந்தையில் இருக்கும், ஊதாப்பூ மரங்கள் பூத்திருக்கும். வெயில் சுடாது. கடல் உனக்குக் குளிரும், பேத்தி இறங்கிவிடுவாள். 23ஆம் தேதிக்கு முன் வந்தால் இன்னொன்றும் காணலாம். 1992இல் அந்த நாளில்தான் நீதிபதி ஃபல்கோனேயையும் மனைவியையும் காவலர் மூவரையும் நெடுஞ்சாலையில் குண்டு வைத்துக் கொன்றார்கள். ஒவ்வொரு வருடமும் அவர் வீட்டு வாசல் மரத்தடியில் பள்ளிப் பிள்ளைகள் கூடுவார்கள். நான் ஜூன் மாதம் வந்து இறங்கினேன். மாடங்களில் எழுத்து எழுதிய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கின. சலவைத் துணி என்று நினைத்தேன். மாஃபியாவுக்கு எதிராகப் பெண்கள் தொங்கவிட்டவை என்று நொன்னாதான் சொன்னார். யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்து குண்டு வெடித்த ஊரில் இறங்கிவிட்டோமே என்று அன்று அழுதேன். இப்போது அந்த விரிப்புகளை நினைத்தால் இந்த ஊர் மீது மதிப்பு வருகிறது.

வரும் வழியில் நீயே பார்ப்பாய். விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. முதல் தடவை பஸ்ஸில் வா. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை. கப்பாச்சி வந்ததும் சாலையின் இரு பக்கமும் செந்நிறத் தூண்கள் நிற்கும், நீதிபதியைக் குண்டு வைத்துக் கொன்ற இடம் அதுதான். வாடகைக் கார் எடுக்காதே. பழைய நகருக்குள் அனுமதி இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம் லண்டனுக்கே வந்து சேரும். நகர பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் வாங்கு, ஏறியதும் இயந்திரத்தில் குத்து. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடைகள், கோயில்கள் பெரும்பாலும் பூட்டு. அது சாப்பிட்டுத் தூங்கும் நேரம். கோயிலுக்குத் தோள் மூடிய உடுப்பு. திங்கட்கிழமை மீன் வாங்காதே, படகு போயிராது. தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். மாடியில் தொட்டி வைத்துத்தான் பிழைக்கிறோம். 2024 வறட்சியில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள்.

பேத்திக்குக் காட்ட ஒரு மரமும் பார்த்து வைத்திருக்கிறேன். மரீனா சதுக்கத்தில் நம் ஆலமரத்தின் இனம், கிளையிலிருந்து விழுது இறக்கித் தூண் தூணாக நிற்கிறது. பல்லரோ சந்தையிலிருந்து அங்கே நடந்தே போகலாம். வழியில் கடலைமாவைத் தகடாகப் பொரித்த 'பனெல்லே'யைப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். அவளுக்குப் பிடிக்கும்.

இனிச் செப்டம்பர். அதைக் கடைசிக்கு என்று வைத்தேன்.

இந்த ஊரின் இரண்டு பெரிய விழாக்களும் உங்கள் பள்ளி விடுமுறைக்குள் வராது. ஊரின் காவல் புனிதை சாந்த ரொசாலியாவின் தேர் ஜூலை 14 இரவு, பேராலயத்திலிருந்து கடற்கரைக்கு. நல்லூர்த் தேர் பார்த்த கண்ணுக்கும் அது குறையாகத் தெரியாது. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அவளுடைய எலும்புகள் மலைக்குகையில் கிடைத்தன. நகரைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுபோன பிறகு நோய் அடங்கியது என்று நம்புகிறார்கள். மற்றது செப்டம்பர் 4, அவள் திருநாள். முதல் நாள் இரவே சனம் பெல்லெக்ரீனோ மலைக்கு நடக்கத் தொடங்கும், பலர் வெறுங்காலோடு. மலை 600 மீட்டர் உயரம். கோயில் குகைக்குள் இருக்கிறது. பாறையில் கசியும் நீரைத் தகர வாய்க்கால்கள் கட்டி இறக்குகிறார்கள். அதைத் தலையில் தெளித்துக்கொள்வோம். இங்குள்ள நம் சனம், சைவர்கள்கூட, ஞாயிறு தோறும் ஏறுகிறோம். ஊர்க்காரர் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

2009இல் பிப்ரவரியிலிருந்து நான்கு மாதம் நீயும் அம்மம்மாவும் வன்னியில் எங்கே இருக்கிறீர்கள், இருக்கிறீர்களா என்றே தெரியவில்லை. அப்பா வேலைக்குப் போவதும் வருவதுமாகப் பேச்சை விட்டுவிட்டார். நான் வெறுங்காலோடு மலை ஏறினேன். "என் பிள்ளை உயிரோடு கிடைத்தால் அவனைக் கூட்டிக்கொண்டு உன் நாளில் ஏறி வருகிறேன்" என்று நேர்த்தி வைத்தேன். ஜூன் மாதம் முகாமிலிருந்து உன் குரல் வந்தது. இதை நான் உனக்குச் சொன்னதில்லை. விசா இல்லாமல் நீ தவித்த நாளில் இதைச் சொல்லி உன்னை வருத்த வேண்டாம் என்று விட்டேன். எனக்கு இப்போது 62 வயது, வலது முழங்கால் இறங்கும்போது நோகிறது.

அதனால் என் பதில் இதுதான். மே மாதம் மூவரும் வாருங்கள். அதற்கு முன், வருகிற செப்டம்பரில் நீ மட்டும் மூன்று நாள் வா. 2ஆம் தேதி பகல் விமானமாகப் பார், இரவில் வந்து இறங்கினால் அப்பா விடியும் வரை நித்திரை கொள்ளமாட்டார். 3ஆம் தேதி மதியம் தூங்கிவிட்டு இரவு பத்துக்கு வெளிக்கிடுவோம். பாதை பழைய கல் பாவியது, தேய்ந்து வழுக்கும், அடி பிடிக்கும் சப்பாத்து கொண்டு வா. வெறுங்கால் என் நேர்த்தி, நீ போட்டுக்கொண்டே ஏறலாம். சின்ன டார்ச், ஒரு மெல்லிய மேலாடை. மேலே விடியற்காலையில் காற்று குளிரும். தண்ணீரும் பிட்டும் நான் கட்டி எடுப்பேன்.

வேலையில் விடுப்பை இப்போதே கேட்டுவிடு. பதிலைத் தொலைபேசியில் சொல். ஞாயிறு காலையில் மட்டும் பத்து மணிக்கு முன் எடுக்காதே, நான் மலையில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா