நரிமேட்டு மாடிக்கு ஆள் பாத்தாச்சு

ஏய் கலா,

எல்லாரும் சுகம்தானே, பையன் பரீட்சை முடிஞ்சுதா, இங்க முட்டி வலிய விட்டா வேற விசேஷம் இல்ல. போன்லயே சொல்லிருக்கலாம், ஆனா நீ பாதி கேட்டுட்டு "குக்கர் விசில் வருது"ன்னு வச்சிருவ, மீதிய உங்க பெரியம்மா அவங்க இஷ்டத்துக்கு சொல்லி முடிப்பாங்க, அதான் உக்காந்து டைப் பண்றேன். உன் மாடி வீட்டுக்கு ஆள் பாத்துட்டேன். முழுசா படிச்சிட்டு அப்புறம் கத்து.

டூ-லெட் போர்டு மாட்டுன அன்னைக்கே போன் ஆரம்பிச்சிருச்சு. நம்மூர்ல மொத கேள்வி தண்ணியப் பத்தித்தான் இருக்கும்னு நெனச்சேன், இல்லடி, "ஓனர் கீழயே இருக்காங்களா?"ங்கறதுதான். புனேல இருக்கான்னு சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சந்தோஷம் வரும் பாரு! பாதிப் பேரு ஒத்திக்குக் கேட்டாங்க. ஒருத்தர் அஞ்சு லட்சம் மொத்தமா தர்றேன், மூணு வருசம் இருக்கேன்னாரு, உங்க மாமாவுக்கு கண்ணு விரிஞ்சிருச்சு. மாமா, காலி பண்ணும்போது அஞ்சையும் எண்ணி வைக்கணுமேன்னேன், "அப்ப வேற ஒத்திக்காரன் வருவான்ல"ங்கறாரு. இப்டி சொல்லித்தான் பொண்ணு கல்யாணத்த முடிச்சிட்டு, திருப்பிக் குடுக்க ஆள் தேடி அலையுறாங்க பாதி மதுரைல.

அப்புறம் ஹைகோர்ட் பெஞ்ச்ல இருக்கற வக்கீல் ஒருத்தர், பொண்டாட்டி, கைக்குழந்தையோட வந்தாரு. வக்கீல்னதுமே மாமா கும்பிடு போட்டுட்டாரு, வக்கீலுக்கும் போலீசுக்கும் வீடு விடக்கூடாதாம். அவங்கல்லாம் எங்கதான் குடியிருக்கறது, கோர்ட்டுலயும் ஸ்டேஷன்லயுமா?

பெரிய கார்ல ஒரு ஆளு வந்தாருடி, செண்ட் வாசனை தெரு முனை வரைக்கும். ஹால்ல நின்னபடியே ஒரு வருச வாடகைய இப்பவே ஜிபேல போட்டுறேங்கறாரு. பாத்ரூமக் கூட திறந்து பாக்கல. எத்தன பேரு இருப்பீங்கன்னு கேட்டா "நம்ம பசங்க வருவாங்க போவாங்க"ங்கறாரு. வீட்டையே பாக்காம காசக் கொட்டுறவன் அங்க குடியிருக்கப் போறவன் இல்ல. மாமா இன்னமும் அந்தக் கார் போனதுக்கு வருத்தப்படுறாரு, விடு.

இப்ப நம்ம ஆள். பெரியாஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், கூட அவங்க அம்மா மட்டும். வந்த உடனே கிச்சன் குழாயத் திறந்து விட்டுட்டு அப்டியே பாத்ரூமுக்குப் போயி ரெண்டுலயும் தண்ணி ஒரே நேரத்துல வருதான்னு பாத்துச்சு, ஈபி மீட்டர் தனியா, யூனிட்டுக்கு எவ்ளோ, மோட்டார் யாரு போடணும், நைட் டூட்டி முடிஞ்சு வந்தா கேட் பூட்டிருப்பீங்களா, எல்லாம் கேட்டுச்சு. இப்டி கேக்குற ஆளுதான் நாலு வருசம் இருக்கும். ஏன் காலி பண்றீங்கன்னேன், ஓனர் பையன் வெளிநாட்டுல இருந்து திரும்பி வர்றானாம். அதோட நிறுத்துவேனா, இப்ப இருக்கற ஓனர விட்டுட்டு அதுக்கு முந்துன ஓனர் நம்பர வாங்கிப் பேசுனேன். இப்ப இருக்கறவரு தொலைஞ்சா போதும்னு யாரையும் தங்கம்னு சொல்லிருவாரு, பழைய ஓனருக்கு ஒண்ணும் போறதில்ல பாரு. அந்தம்மா சொன்னது, "அஞ்சாந்தேதிக்கு மேல போனதில்ல, போகும்போது சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் அடைச்சுக் குடுத்துட்டுப் போனாங்க." ஐடி கார்டு பாத்தேன், வாடகை போட்ட ஸ்கிரீன்ஷாட் கேட்டேன், மொகம் சுளிக்காம காமிச்சிருச்சு. ஆதார்ல கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற காப்பி போதும்னுட்டேன், முழு ஆதார் காப்பியும் உங்க மாமா பீரோல கெடந்து என்னாகப் போகுது.

எல்லாம் முடியுற நேரத்துல புரோக்கர் இளிச்சுக்கிட்டே "என்ன ஆளுங்கம்மா?"ன்னான். அந்தப் பொண்ணு குழாய மூடிட்டு என்னையப் பாத்துச்சு. "அதச் சொன்னா வீடு இல்லைன்னா, சொல்லாமயே போயிர்றேன்க்கா, ஏற்கனவே நெறைய வீடு ஏறி எறங்கிட்டோம்"னுச்சு. சண்டை போடுற தொனியெல்லாம் இல்லடி, பழகிப்போன குரலு. அவங்க அம்மா அதுக்குள்ள படிக்கட்டு வரைக்கும் போயிட்டாங்க. எனக்கு வந்துச்சு பாரு கோவம், புரோக்கர அங்கயே நாலு வார்த்தை கேட்டுட்டேன்.

உங்க பெரியம்மா உனக்கு போன் பண்ணியாச்சுன்னு தெரியும். ஆம்பள இல்லாத வீடு, நைட் டூட்டி, கவுச்சி வாடை, "நம்ம சனத்துக்குன்னா ஒரு பயம் இருக்கும்." சரிடி, போன தடவ நம்ம சனம்தானே இருந்துச்சு? மாமாவோட சிபாரிசு. அட்வான்ஸ் பேருக்கு வாங்குனாரு, அக்ரிமெண்ட் கேக்கவே கூச்சப்பட்டாரு, ஏழு மாச வாடகை போச்சு, ஈபி பில்லயும் நீதான் கட்டுன. கடைசில கேக்கப் போனா "சொந்தத்துக்குள்ள இப்டிப் பேசலாமா"ன்னு உன்னையவே திருப்பிக் கேட்டான். என்ன பயம் இருந்துச்சு அவனுக்கு? சாதியக் கேட்டு வீடு விட்டு ஒரு வாடகையாவது ஒழுங்கா வந்துச்சான்னு பெரியம்மாகிட்டயே கேளு. நம்ம ஜெயந்திகிட்டயும் சொன்னேன், "கலா மாட்டேன்னா என் வீட்ட காலி பண்ணிக் குடுக்குறேன்"ங்கறா, அவ வாய் தெரியும்ல.

பயம்னா எழுத்துல இருக்கட்டும். 2019 பிப்ரவரில இருந்து புது வாடகைச் சட்டம்தான், வாய் வார்த்தை செல்லாது, அக்ரிமெண்ட் போட்டு ஆன்லைன்ல வாடகை அதிகாரிகிட்ட பதியணும். பதினொரு மாசம்னு எழுதிட்டா பதிய வேணாம்னு புரோக்கர் சொல்றது பழைய கதை. அட்வான்சும் சட்டப்படி மூணு மாச வாடகைதான் கணக்கு, வாடகை 12,000ன்னா 36,000, நீ சொன்ன ஒரு லட்சம் நான் கேக்கல. ரெண்டு மாசம் வாடகை நின்னா முறையா வாடகைக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா மாமா மாதிரி தண்ணிய நிறுத்துறது, ஃபியூஸப் புடுங்குறதெல்லாம் ஆகாது, அவருகிட்ட இதக் கொஞ்சம் சத்தமா சொல்லு. போலீஸ் வெரிஃபிகேஷன் வேணும்னாலும் ஆன்லைன்லயே போட்டுக்கலாம், அந்தப் பொண்ணு தாராளமா போடுங்கன்னுருச்சு.

வர்ற வியாழக்கிழமைக்குள்ள சொல்றேன்னுருக்கேன், அக்ரிமெண்ட் டிராஃப்ட்ட வாட்ஸப்ல அனுப்புறேன், பேர்ல இனிஷியல் சரியான்னு மட்டும் பாரு. அவங்க அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு, பாத்ரூம்ல புடிச்சுக்க ஒரு கம்பி வைக்க முடியுமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. பிளம்பர் கூலியோட 900னான், வைக்கச் சொல்லிட்டேன், ஜிபேல போட்டு விடு.

மாலதி