குடுவையில் அடைபடும் ஃபைட்டர் மீன்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் விழாவுக்குச் சென்று திரும்பிய என் பேரன், அரை லிட்டர் தண்ணீர்கூடக் கொள்ளாத கண்ணாடிக் குடுவை ஒன்றில் நீல நிற ஃபைட்டர் மீனைக் கொண்டுவந்தான். விழாவுக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அதுவே அன்பளிப்பு. இந்த மீனுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம், பம்பும் வேண்டாம், தனியாக இருக்கிறதே என்று தோன்றினால் இரண்டு கப்பி மீன்களை வாங்கிக் கூட விட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். எங்கள் தெருவில் அந்தக் குடுவையைப் பெற்ற பிள்ளைகள் நான்கு பேர். அவர்களில் மூவரின் மீன்கள் இரண்டு வாரத்துக்குள் இறந்துபோயின. இருபது ஆண்டுகளாக வீட்டில் மீன் வளர்த்துவருபவன் என்ற முறையில், கடையில் சொல்லப்பட்ட அந்த அறிவுரை எங்கே பிழைபட்டது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

ஃபைட்டர் தாய்லாந்து நாட்டு மீன். அந்நாடு 2019ஆம் ஆண்டு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது. சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்கள், வாய்க்கால்கள், புல் மண்டிய பள்ளங்கள் ஆகியவையே இதன் இயற்கையான இருப்பிடம். இந்த ஒரு செய்தியிலிருந்துதான் "கொஞ்சம் தண்ணீர் போதும்" என்ற தவறான எண்ணம் பிறந்திருக்க வேண்டும். நெல்வயல் எப்படியிருக்கும் என்பதைக் காவிரிப் படுகையில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வயலில் நிற்கும் நீர் கணுக்கால் அளவுதான்; ஆனால் அது வரப்புக்கு வரப்பு பரந்து கிடக்கிறது, பயிரின் தூர்களுக்கிடையே நிழலும் மறைவிடமும் தருகிறது, மடை வழியே புதிதாகிக்கொண்டே இருக்கிறது. ஆழம் குறைந்த நீரில் வாழும் மீனை அளவு குறைந்த நீரில் வாழும் மீன் என்று எண்ணிவிட்டோம்.

அடுத்தது, இந்த மீன் காற்றைச் சுவாசிப்பது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பின் உதவியால் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிக்கொள்கிறது. நம் வயல்களிலும் குளங்களிலும் உள்ள பனையேறிக் கெண்டைக்கும் இதே அமைப்பு உண்டு. இரண்டும் உறவுள்ள இனங்கள். பனைமரத்தின் பட்டை இடுக்கில் அந்தக் கெண்டையைப் 1791இல் பிடித்ததாகத் தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ஃப் என்ற டேனிய அதிகாரி எழுதியனுப்ப, அச்செய்தி லண்டன் வரை சென்று அறிஞர்களை வியக்க வைத்தது. காற்றைச் சுவாசிக்கும் மீன் கெட்ட நீரிலும் சில நாள் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மையே. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, என் பெரிய தொட்டியில் இருந்த மற்ற மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாய் பிளந்து இறந்தன. பக்கத்துத் தொட்டியில் தனியே இருந்த ஃபைட்டர் மட்டும் பிழைத்தது. ஆயினும் அடுத்த சில வாரங்களில் அதன் துடுப்புகள் ஓரத்திலிருந்து அழுகிக் கரைந்தன. பழைய அழகு திரும்பவே இல்லை. ஃபில்டர் நின்றுபோய், கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் மடிந்து, நீரில் அம்மோனியா சேர்ந்ததே காரணம். மூச்சுவிடக் காற்று கிடைத்தாலும், நஞ்சேறிய நீரில்தானே அதன் உடல் இருபத்துநான்கு மணி நேரமும் ஊறிக்கிடக்கிறது? குடுவையில் இருக்கும் மீனுக்கும் இதே கதிதான்; அங்கே அது சில நாட்களிலேயே நேர்ந்துவிடுகிறது.

ஆகவே ஒரு ஃபைட்டருக்குக் குறைந்தது இருபது லிட்டர் கொள்ளும், உயரத்தைவிட நீளம் மிகுந்த தொட்டி வேண்டும். மெல்லிய நீரோட்டம் தரும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். வேகமான ஓட்டத்தில் நீண்ட துடுப்புகளைச் சுமந்து நீந்த முடியாமல் மீன் களைத்துவிடும். நாற்று நடுவதற்கு முன் வயலைச் சேறடித்துப் பக்குவப்படுத்துவதுபோல, மீனை விடுவதற்கு முன் தொட்டியிலும் நீர் நிரப்பி ஃபில்டரைச் சில வாரம் ஓடவிட்டு நுண்ணுயிர்கள் பெருகக் காத்திருப்பதே முறை. குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதற்கான மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினால் போதும். முழு நீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, செய்த வேலையை நாமே அழிப்பதாகும். நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை இருப்பது நல்லது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி இது தானே அமைந்துவிடும் என்றாலும், மார்கழி, தை இரவுகளில் சிறு தொட்டியின் நீர் விரைவில் குளிர்ந்துவிடுவதால் ஹீட்டர் தேவைப்படும். வீட்டு வாசலில் பாதாம் மரம் என்று நாம் அழைக்கும் நாட்டு வாதுமை இருந்தால், மரத்திலேயே பழுத்துக் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். நீர் தேநீர் நிறத்துக்கு மாறும், மீனுக்கு ஒதுங்க இடமும் கிடைக்கும். இந்த மீன் துள்ளும் இயல்புடையது ஆதலால் மூடி அவசியம். ஆனால் காற்று விழுங்குவதற்கு நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே இடைவெளி விட வேண்டும்.

இனி, துணை மீன் பற்றி. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது "இதுகூட எந்த மீன விடலாம் தாத்தா?" என்பதுதான். அவர்களுக்கு நான் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: ஃபைட்டர் கூட்டமாக வாழும் மீன் அன்று, ஆகவே தனிமை அதற்குத் துன்பமும் அன்று. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் வந்தால் சண்டையிட்டு விரட்டுவதே அதன் பிறவிக் குணம். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. ஆணையும் பெண்ணையும்கூட இனப்பெருக்கத்தின்போது மட்டும், கண்காணிப்புடன் சேர்க்க வேண்டும். முட்டையிட்ட பிறகு பெண்ணைப் பிரித்துவிட வேண்டும், ஏனெனில் முட்டைகளுக்காக வாயால் குமிழி ஊதிக் கட்டிய நுரைக்கூட்டைக் காக்கும் ஆண், பெண்ணைக் கடித்துக் குதறும். கடைகளில் இரண்டு குடுவைகளை அருகருகே வைத்து, நடுவிலிருக்கும் அட்டையை எடுத்து, மீன்கள் செவுளை விரித்துச் சீறுவதை வேடிக்கை காட்டுகிறார்கள். பார்ப்பவருக்கு அது அழகு. நாள் முழுவதும் அப்படிச் சீறிக்கொண்டிருக்கும் மீனுக்கு அது ஓயாத அச்சம்.

கடைக்காரர் பரிந்துரைத்த கப்பி, கூடவே கூடாத துணை. ஆண் கப்பியின் வண்ண வாலைப் போட்டி ஆண் என்று எண்ணி ஃபைட்டர் பாயும். டைகர் பார்ப் இதற்கு நேர்மாறு. அது ஃபைட்டரின் துடுப்பைக் கடிக்கும். இதனை நானே செய்து பார்த்து வருந்தியிருக்கிறேன்: பத்து ஆண்டுகளுக்கு முன் நான்கு டைகர் பார்ப்களுடன் விட்ட சிவப்பு ஃபைட்டர் ஒன்று, மறுநாள் காலையில் வால் இருந்த இடத்தில் குச்சி குச்சியாய் நரம்புகளோடு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் மிகுதி. கௌராமி, ஏஞ்சல் ஆகியவையும் வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரக்கூடியது. வளர்ந்த பிறகு அதனைப் பாமணி ஆற்றிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அயல்நாட்டிலிருந்து வந்த அந்த மீன் தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் பெருகி நம் மீனவர்களின் வலைகளை நாசமாக்கிவருவதால், தயவுசெய்து யாரும் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இருபது லிட்டர் தொட்டியில் ஒன்றிரண்டு நீர்நத்தைகளைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது லிட்டருக்கு மேல், செடிகள் அடர்ந்த தொட்டி உள்ளவர்கள் கோரி என்ற சிறு கெளுத்தியை விடலாம். அது தரையோடு மேய்வது, ஃபைட்டரின் வழிக்கு வராதது. ஆனால் ஆறு கோரிகளாவது சேர்ந்திருந்தால்தான் அவை அச்சமின்றி உலாவும், அடியில் மென்மையான மணலும் வேண்டும். எதை விட்டாலும் முதல் ஒரு வாரம் கவனித்து, ஃபைட்டர் துரத்துகிறது என்றால் உடனே பிரிக்க ஒரு தனித் தொட்டியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைட்டருக்கும் குணம் வேறு.

இரை பற்றிச் சுருக்கமாக: ஃபைட்டர் புழு, பூச்சி தின்னும் மீன், காலையும் மாலையும் இரண்டு மூன்று குருணை இரை போதும், வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம். கொசுப்புழுவை விரும்பித் தின்னும் என்பதற்காக வீட்டில் நீரைத் தேக்கிவைத்துப் புழு வளர்ப்பது டெங்குவை அழைப்பதாகும்.

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் நம் அருகிலேயே இருக்கிறது. டெல்டா மாவட்டங்களின் வண்ணமீன் விற்பனையாளர்களுக்கு அரைநாள் பயிற்சி ஒன்றை அது நடத்தினால் பெரும் பயன் விளையும். தொட்டியின் அளவையும், கூட விடக்கூடாத மீன்களையும் தமிழில் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை ஒவ்வொரு ஃபைட்டருடனும் சேர்த்துக் கொடுக்குமாறு கடைக்காரர்களையும், குடுவை மீனை விழாப் பரிசாக வழங்குவதை விட்டுவிடுமாறு பெற்றோரையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். என் பேரன் கொண்டுவந்த நீல ஃபைட்டர் இப்போது கஜாவுக்குப் பிறகு காலியாகக் கிடந்த தொட்டியில், இரண்டு நத்தைகளோடு இருக்கிறது. நேற்றுக் காலை பாதாம் இலையின் அடியில் நுரைக்கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.