இரண்டு செட்

அம்மாப்பேட்டை, சேலம்
ஆடி 6

அன்புள்ள சரோஜா,

கன்னத்து எலும்பில் ஆணி அடித்துப் பல் கட்டுவார்களாமே, கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. போன மாசியில் எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நானும் மூன்று நாள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். இந்த விஷயத்தை போனில் பேசினால் நீ பாதியில் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கதை ஏற்காட்டில் ஆரம்பித்தது. போன வருடம் மே மாதம் ரோஸ்லின் பேத்திக்குச் சர்ச்சில் புதுநன்மை. விருந்து முடிந்து ஏரிக்கரைக்கு நடந்து வந்தோம். குளிர் காற்று, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒரு கடி கடித்து இழுத்தேன். பஜ்ஜியோடு என் மேல் பல் செட்டும் கையில் வந்துவிட்டது! பதினான்கு வருடச் செட். மிளகாய்க்குள் பதிந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தது. ரோஸ்லின் பேத்தி "பாட்டி, மறுபடி செய்யுங்க" என்கிறாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் வாயைத் திறக்கவே இல்லை.

செட் ஆடுவது அதற்கு முன்பே எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நாம் இருவரும் காசு சேர்த்து ஒரு தட்டுவடை செட் வாங்கி ஆளுக்கொரு வடையாகப் பிரிப்போமே, நடுவில் இருக்கும் பீட்ரூட் யாருக்கு என்று சண்டை வருமே, அந்தக் கடைக்காரரின் மகன்தான் இப்போது தள்ளுவண்டி போடுகிறான். நாலைந்து வருடமாக அவனிடம் செட் கேட்பதில்லை. தட்டுவடையை நொறுக்கிப் போடுகிற நொறுக்கல் வாங்கி, சட்னி ஊறும்வரை காத்திருந்து, கஞ்சி மாதிரி ஆனபிறகு சாப்பிடுவேன். வாயில் இருந்த செட் ஆட ஆரம்பித்ததும் தட்டில் இருந்த செட் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் போன இடத்தில் ஈறைப் பார்த்துவிட்டு "எலும்பே இல்லையம்மா" என்றார்கள். இரண்டாவது இடத்தில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். சி.பி.சி.டி. என்று பெயர். மோவாயை ஒரு மேடையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், கருவி தலையைச் சுற்றி வரும், ஒரு நிமிடம்கூட ஆகாது. வெறும் எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு உயரம் என்று ஓரளவு தெரியும், எவ்வளவு அகலம் என்று தெரியாதாம். இதில் இரண்டும் தெரியும். என் கடைவாய்ப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர். ஓர் அரிசிமணியின் தடிமன். சாதாரண இம்ப்ளான்ட், அதாவது பல்லுக்கு வேராக எலும்பில் முடுக்குகிற திருகு, பத்து மில்லிமீட்டர் நீளம் என்றால் எங்கே கொண்டுபோய் முடுக்குவது?

எலும்பு ஏன் அப்படிக் கரைகிறது என்று அங்கிருந்த இளம் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல் போனால் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். மேல்தாடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்துக்குள், சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனதும் அந்த அறை கீழே இறங்கி வரும். கீழிருந்து ஈறுப் பக்கம் கரைய, மேலிருந்து சைனஸ் பெருக்க, நடுவில் கரை மெலிந்து போகிறது. கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது பார், என் மூக்குக்குப் பக்கத்திலேயே ஓர் ஏரி பெருகிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

முன்பக்கம் வேறு கதை. எனக்குக் கீழே சொந்தப் பல் முன்னால் ஆறு மட்டும் இருக்கிறது, கடைவாயில் ஒன்றும் இல்லை. கடைவாயில் கட்டிக்கொள் என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்கள், பணமாகிறதே என்று விட்டுவிட்டேன். அதனால் மெல்லும் வேலை முழுவதும் அந்த ஆறு பல்லுக்கு வந்து, பதினான்கு வருடமாக மேல் செட்டின் முன்பக்கத்தை இடித்து இடித்து, அதற்கு அடியிலிருந்த எலும்பையும் கரைத்துவிட்டன. விரல் வைத்து அமுக்கினால் ஈறு கொழகொழவென்று முன்னும் பின்னும் ஆடுகிறது, பழுத்த சேலம் குண்டு மாம்பழத்தின் தோல் மாதிரி. சொந்தப் பல்லே எலும்புக்கு எமனாகும் என்று நான் எங்கே கண்டேன்!

இந்த மாதிரி மேல்தாடைக்கு என்னென்ன வழி உண்டு என்று மாதக்கணக்கில் கேட்டேன். சைனஸைத் தூக்குவது ஒன்று. பக்கவாட்டில் எலும்பில் சின்னச் சன்னல் திறந்து, உள்ளே முட்டைத் தோல் மாதிரி இருக்கும் சவ்வைக் கிழியாமல் மேலே நெம்பி, அந்த இடைவெளியில் எலும்புப் பொடியை நிரப்புவார்கள். அது கெட்டிப்பட ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், அப்புறம்தான் திருகு. அந்தப் பொடி பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து எடுப்பது, தெரியுமோ? டாக்டரம்மா தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். செயற்கைப் பொடியும் உண்டாம். கேட்காமல் வைத்துவிட்டு அப்புறம் தலைமுழுக வேண்டுமோ என்று எனக்கு எழுதாதே, முதலிலேயே கேட்டுக்கொள். என்னைப் போல முன்பக்கமும் போனவர்களுக்குப் பொடி போதாது, இடுப்பெலும்பிலிருந்து வெட்டியே ஒட்டுவார்களாம். அறுபத்தெட்டு வயதில் இடுப்பை வெட்டி வாயில் வைப்பதா என்று எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கே எழுந்து வெளியே போய்விட்டார்.

எலும்பை வளர்க்காமல், இருக்கிற கெட்டி எலும்பைத் தேடிப் போவது மற்ற வழிகள். கடைவாய்க்கும் பின்னால் மண்டையோட்டோடு சேர்கிற இடத்தில் கெட்டியான பாகம் உண்டு, அதில் சாய்வாக முடுக்குவது ஒன்று. நீ பயந்த கன்ன எலும்பு இன்னொன்று. அந்தத் திருகு முப்பதிலிருந்து ஐம்பது மில்லிமீட்டருக்கு மேலும் போகும், ஏறத்தாழ உன் சுண்டுவிரல் நீளம். மேல்தாடையில் நுழைந்து சைனஸின் ஓரமாகவோ உள்ளேயோ போய் கன்ன எலும்பைப் பிடிக்கும். முன்பக்கம் நன்றாக இருந்தால் பக்கத்துக்கு ஒன்று, முன்னால் சாதாரணத் திருகுகள். முன்பக்கமும் இல்லையென்றால் பக்கத்துக்கு இரண்டு. நல்லது என்னவென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் சில நாளிலேயே தற்காலிகப் பல்லை மாட்டிவிடுவார்கள். கெட்டது, சைனஸில் சீழ் பிடிக்கலாம், மேலே கண்குழி இருக்கிறது, கை தவறினால் பெரிய தவறு. எல்லாப் பல் டாக்டரும் செய்கிற வேலை இல்லை. நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டிய சிகிச்சை இது.

ஆனால் ஏதோ நேற்று முளைத்த வித்தை என்று நினைக்காதே. ஸ்வீடனில் பிரானேமார்க் என்றொருவர் 1952-ல் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியை வைத்து ஆராய்ந்திருக்கிறார். முடிந்ததும் எடுக்கப் போனால் வரவில்லை, எலும்பு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த இம்ப்ளான்ட் எல்லாம். 1965-ல் முதல் ஆளுக்கு வைத்தார். கன்ன எலும்பு வழியும் பிற்பாடு அவர் கொண்டுவந்ததுதான், விபத்திலும் புற்றுநோயிலும் மேல்தாடையை இழந்தவர்களுக்காக. டாக்டரம்மா சொன்னபோது அந்த முயலை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

என் கொழுந்தனார் விஷயம் உனக்குத் தெரியாது. மூன்றே நாளில் நிலையான பல் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு பார்த்துப் போனார். எந்த இடம் என்று எழுத மாட்டேன், வம்பு. ஸ்கேன் இல்லை, ஒரு எக்ஸ்ரே மட்டும். முடுக்கிய திருகுகளில் ஒன்று இரண்டாம் வாரம் காணோம். விழுங்கிவிட்டாரோ என்று பார்த்தால் சைனஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மூக்கு டாக்டர்தான் எடுத்தார். இன்றைக்கும் தும்மினால் மனுஷன் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மூன்றாவதாகப் போனது பல் மருத்துவக் கல்லூரி. அங்கே ஒரு பெரியவர், பேராசிரியர், என் ஸ்கேனைத் தொடவே இல்லை. "வீட்டில் இருக்கிற மாத்திரை, ஊசிச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சல். அம்மாப்பேட்டைக்கு வந்து மறுபடி போவதென்றால் அரை நாள். பையைக் கொட்டினேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, அதற்கடியில் எலும்பு டாக்டரிடம் வருடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்கிற ஊசியின் சீட்டு. அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முன்னாடி போன இடங்களில் சொன்னீங்களா?" அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதுகெலும்புக்குப் போடுகிற ஊசிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே நினைப்போம்?

சம்பந்தம் இருக்கிறது. எலும்பு என்பது பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும் பொருள். கரைக்கும் வேலையை அந்த மருந்து அடக்குகிறது, அதனால் எலும்பு உடையாமல் நிற்கிறது. ஆனால் தாடையில் பல் பிடுங்கினாலோ துளை போட்டாலோ, அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்தபடி செத்துப்போகும். புற்றுநோய்க்கு அடிக்கடி பெரிய அளவில் போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் பயம் அதிகம், எலும்பு மெலிந்து உடைகிற நோய்க்கு எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் குறைவு. குறைவு என்பதால் இம்ப்ளான்ட் கூடவே கூடாது என்றில்லை. ஆனால் மருந்து எத்தனை வருடமாக, சர்க்கரை எந்த நிலையில், இரண்டையும் பார்த்துப் பல் டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்றார். பயந்துபோய் நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள், விழுந்து இடுப்பு உடைந்தால் அது இதைவிடப் பெரிய கஷ்டம் என்றும் சொன்னார்.

சரோஜா, நீ செவ்வாய்க்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பாயே, போனில்கூட "இப்ப சாயக் கூடாதுடி" என்பாயே, அதுவும் அதே குடும்பத்து மருந்துதான். ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறாய். உன் பல் டாக்டருக்கு அது தெரியுமா? உன் கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த மாத்திரை பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. உனக்கு முன்னால் எட்டுப் பல் கெட்டியாக இருக்கிறது, கடைவாய்தான் காலி. அந்த எட்டையும் பிடுங்கிவிட்டு இரண்டு கன்னத்திலும் முன்னாலும் திருகு வைத்து முழு வரிசையாகக் கட்டித் தருகிறேன் என்கிறாராம் உன் டாக்டர். கெட்டிப் பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? நான் டாக்டர் இல்லை, ஆனால் இந்தக் கேள்வியை இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதே. கடைவாய்க்கு மட்டும் சைனஸைத் தூக்குவதோ, பின்னால் முடுக்குவதோ, கழற்றி மாட்டுகிற பாதிச் செட்டோ, எதுவும் ஆகாது என்று அவர் காரணத்தோடு சொல்லட்டும்.

நான் என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறாய்? திருகு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். லட்சக்கணக்கில் செலவு, ஊசி, சர்க்கரை, எல்லாம் சேர்ந்து. புதுச் செட்தான். ஆனால் இந்த முறை செய்த விதம் வேறு. அச்சு எடுக்கும் தட்டில் முன்பக்கம் சின்னச் சன்னல் வெட்டியிருந்தார்கள். கெட்டி ஈறுக்கு ஒரு கலவை, ஆடுகிற ஈறின்மேல் தண்ணீராக இன்னொரு கலவையை அமுக்காமல் தடவினார்கள். அமுக்கி அச்சு எடுத்தால் ஈறு விட்டதும் நிமிர்ந்து செட்டைத் தள்ளிவிடுமாம், பழைய செட் அப்படித்தான் ஆடியது. கீழேயும் கடைவாய்க்குப் பாதிச் செட் கட்டிவிட்டார்கள், இனி அந்த ஆறு பல்லும் தனியாக இடிக்க முடியாது. ராத்திரி இரண்டையும் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். பேரன் வந்தால் அந்த டம்ளரை மட்டும் ஒளித்து வைக்கிறேன்.

மற்றபடி எல்லாம் சுகம். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டப் போகிறார்கள், ஊரே மஞ்சள் வாசனையாக இருக்கிறது. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு தறி நின்றுவிட்டது, காலையில் சத்தம் குறைந்து போனது எனக்குப் பிடிக்கவில்லை. ரோஸ்லின் காப்பிக்கொட்டை வறுத்து அனுப்பியிருக்கிறாள், உன் பங்கு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆடிப் பண்டிகைக்கு வருகிறேன் என்றாயே, வரும்போது உன் ஸ்கேன் சி.டி.யையும் அந்தச் செவ்வாய்க்கிழமை மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொள். கல்லூரிக்கு நானே கூட்டிப்போகிறேன், ஓ.பி. சீட்டு காலையில் சீக்கிரம் போட்டால் மதியத்துக்குள் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தனம்

பி.கு.: போன வெள்ளிக்கிழமை தள்ளுவண்டியில் நிஜச் செட் ஒன்று கேட்டேன். அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நொறுக்கல்தானேம்மா?" என்றான். இல்லை, செட்தான் என்றேன். ஒரு வடையைக் கடைவாயில் வைத்து மெதுவாக உடைத்தேன், மேல் செட் அசையவில்லை. இரண்டாவதற்குத் தைரியம் வரவில்லை. பீட்ரூட்டோடு அப்படியே வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.