இரண்டு கடிகாரம் வரைந்து கொடுத்த அக்காவுக்கு

தனியாக உலகம் சுற்றி வந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்று அந்தப் பயணத்தின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு துண்டுத்தாள் விழுந்தது, அதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2017. மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் வரை 9,289 கிலோமீட்டர் போகும் ரயில் பாதை. நான் நடுவில் இர்குட்ஸ்கில் இறங்கி பைகால் ஏரிக்குப் போக வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

அக்கா, எங்கள் ரயில் பெட்டியைப் பார்த்துக்கொண்ட பணியாளர் நீங்கள்தான். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவும் இல்லை. நீங்களாகவே பெட்டிக் கோடியில் இருந்த பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து, உலோகப் பிடி போட்ட அந்தக் கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றீர்கள். ராத்திரி இன்னொரு கம்பளி. அப்புறம் என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தீர்கள். அப்போது டிக்கெட்டில் எல்லா ஊருக்கும் மாஸ்கோ நேரம்தான் அச்சாகும், இர்குட்ஸ்க் அதைவிட 5 மணி நேரம் முன்னால். நான் குழம்பிவிடுவேன் என்று உங்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடிகாரம் வரைந்து, நான் இறங்கும் நேரத்துக்கு முள் போட்டுத் தந்தீர்கள். அந்த நேரம் வந்ததும் தோளைத் தொட்டு எழுப்பி, பையையும் நடைமேடை வரை தூக்கி வந்தீர்கள்.

பெயர்கூடக் கேட்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ரஷ்ய மொழி தெரிந்த யாராவது இதை மொழிபெயர்த்துப் பகிர்ந்தால் உங்களிடம் வந்து சேரலாம். ரொம்ப நன்றி அக்கா. அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது.