கைப்பிடி அரிசி

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. தேவ கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மழைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. போன ஞாயிறு தங்கை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். கிணற்றடிப் பலாவில் இந்த வருடம் நிறைய சக்கை. வெட்டி இறக்க ஆள் கிடைக்காமல் பாதி மரத்திலேயே பழுத்து விழுகிறது.

நீ போனில் சொன்ன விஷயம் ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. திரும்பப் போனில் பேசினால், நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சிங்கப்பூரில் நீ போகும் தமிழ் மெதடிஸ்ட் சபையின் போதகர் உன்னைக் கூப்பிட்டு, உன் குடியிருப்பைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு வீடுகளை அவ்வப்போது போய்ப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டதாகவும் சொன்னாய். மூன்று காரணம் வைத்திருக்கிறாய். நீ சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளை, மெதடிஸ்ட் இல்லை. உனக்கு ஜெபம் பண்ண வராது. ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. மூன்றாவதற்கு என்னிடம் பதில் கிடையாது மக்களே, உன் களைப்பு உனக்குத்தான் தெரியும். முதல் இரண்டுக்கும் இருக்கிறது.

உனக்குக் கைப்பிடி அரிசி டப்பா ஞாபகம் இருக்கிறதா? அடுக்களையில் உப்புப் பரணிக்குப் பக்கத்தில் இருக்குமே, மூடி வளைந்த பழைய பால்மாவு டப்பா. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிட்டுத்தான் நான் மீதியைக் கழுவுவேன். சனிக்கிழமை சாயங்காலம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக, எல்லா வீட்டிலும் இப்படி எடுத்துவைத்த அரிசியைச் சேர்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். நம் தெருவிலும் குளத்தங்கரையிலுமாக இருபத்துமூன்று வீடு. பத்தொன்பது வருடம் போனேன். நீயும் சின்ன வயதில் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாய்.

குளத்தங்கரையில் கடைசி வீட்டில் தனியாக இருந்த பாட்டியைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை போனபோது, "டீச்சரே, அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கோங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நான் நகரவில்லை, திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு பிடி என்றால் ஏழு நாளுக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். மூன்று வாரத்து அரிசி இருக்க வேண்டிய டப்பா, ஒரு வாரத்துக் கனம்கூட இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் குளிர்ந்து, பூனை படுத்திருந்தது. மகன் பணம் அனுப்புவது நின்று மூன்று மாதம் ஆகியிருக்கிறது. உலை வைத்த நாளில் எல்லாம் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். உலை வைத்த நாள்கள்தான் அவ்வளவு குறைவு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சங்கத்தின் செயலாளர் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அன்று சேர்ந்த அரிசியை இரண்டு பேருமாக இருட்டிய பிறகு கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்தோம். பாட்டி ஒன்றும் பேசவில்லை. பையைப் பிரித்து முதலில் ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டார்கள். பிறகுதான் அடுப்பை மூட்டினார்கள்.

நான் வரலாறு நடத்தியவள், அதனால் உன் சபையின் கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் கூட்டம் கூட ஒரு கட்டடம் கட்டினார்கள். கடன் தலைக்குமேல் போய்விட்டது. 1742-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதைப் பேச உட்கார்ந்தபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். ஏழைகளால் அதுகூட முடியாதே என்று இன்னொருவர் எழுந்து சொன்னார். அதற்கு ஃபாய், இருப்பதிலேயே ஏழைகளான பதினொரு பேரை என் கணக்கில் விடுங்கள், வாரா வாரம் நான் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் கொடுக்க முடியவில்லை என்றால் அவர்களுக்கும் சேர்த்து நானே கொடுக்கிறேன் என்றாராம். மற்றவர்களும் அப்படியே ஆளுக்கு ஒரு கூட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். பென்னி வாங்கக் கதவைத் தட்டியவர்களுக்கு உள்ளே இருக்கும் நோயும் சண்டையும் குடியும் பட்டினியும் கண்ணில் பட்டன. வெஸ்லிக்கு அப்போதுதான் தெரிந்தது, தாம் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று. மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் அப்படிப் பிறந்தது. ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பேர். உன் போதகர் உனக்குக் கொடுக்கும் பன்னிரண்டு வீடு எங்கிருந்து வந்த கணக்கு என்று இப்போது தெரிகிறதா?

நம் பெண்கள் அரிசி வாங்கப் போய்க் கண்டதை அவர்கள் பென்னி வாங்கப் போய்க் கண்டிருக்கிறார்கள்.

சி.எஸ்.ஐ. பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறாயே, சி.எஸ்.ஐ. என்பது என்ன? 1806-இல் நம் குமரி மாவட்டத்து மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே லூத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர், ஜெர்மன்காரர். அவரை அனுப்பியது லண்டன் மிஷன் சங்கம். அவரை வரவேண்டும் என்று கேட்டுக்கொண்ட மயிலாடி வேதமாணிக்கமோ தஞ்சாவூருக்குப் போன இடத்தில் சுவிசேஷத்தைக் கேட்டவர். பிறகு 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் ஆங்கிலிக்கன் சபையாரும், பிரிட்டிஷ் மெதடிஸ்டுகளும், நம் லண்டன் மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனார்கள். அமெரிக்க வழி மெதடிஸ்டுகள் சேரவில்லை, உன் சபை அந்த வழியில் வந்தது. ஆனாலும் வேர் ஒன்றுதான். 1885-இல் சிங்கப்பூரில் மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கிய ஓல்டம் எங்கே பிறந்தவர் தெரியுமா? பெங்களூரில். நீ அந்நிய வீட்டுக்குள் நுழைந்தவன்போலக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை.

இதெல்லாம் புத்தகத்தில் உள்ளது. நம் கண்ணால் பார்த்த ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. உனக்கு எட்டு வயது. அன்றைக்கு நம் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் அசனம், சபையார் எல்லாரும் கூடி உண்ணும் விருந்து. விடியற்காலையிலேயே ஆலயத்தின் பின்பக்கம் மூன்று அடுப்பு மூட்டி, பெரிய வார்ப்புகளில் சோறும் சாம்பாரும் கொதித்துக்கொண்டிருந்தன. நீங்கள் பிள்ளைகள் எல்லாம் வாழை இலை துடைத்து அடுக்கினீர்கள். ஆராதனை முடியும் நேரத்தில் ஒருவர் ஓடிவந்து, குளச்சலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார். யாருக்கும் விளங்கவில்லை. கடல் எப்படி ஊருக்குள் வரும்? அதற்குள் ரோட்டில் ஈர உடுப்போடு ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சிலர் கைக்குழந்தையோடு, சிலர் வெறுங்கையோடு.

ஒருவரும் பந்தியில் உட்காரவில்லை. ஆயர் ஆசீர்வாதம் கூறி முடித்த கையோடு அங்கியைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு வார்ப்பின் ஒரு காதைப் பிடித்தார். மினி லாரியில் ஏற்றி, ஜனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். கடற்கரை ஜனங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர், இஸ்லாமியரும் இருந்தார்கள். நீ எந்தச் சபை என்று இலையில் சோறு வைக்கும்போது யார் கேட்டார்கள்? ஒரு பெண் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தாள். உன் அப்பா அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அவளே, "என் பிள்ளைக்கும் சாம்பார்தான் பிடிக்கும்" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

உனக்கு ஜெபம் பண்ண வராது என்கிறாயே, அதற்கு நான் அப்பாவைத்தான் சொல்வேன். அவருக்கும் நீளமாக ஜெபம் வராது. வீட்டு ஜெபத்தில் அவருடைய முறை வந்தால் நான்கு வரிதான்.

அப்பா போனபோது நீ திருவனந்தபுரத்தில் இறங்கி வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு முன் நடந்தது உனக்குத் தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்குத் துக்க மணி அடித்தார்கள். அரை மணி நேரத்தில் முற்றத்தில் ஆள் நிறைந்துவிட்டது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுக்களையில் கடுங்காப்பி கொதித்தது, பந்தல் வந்தது, பக்கத்து வீட்டில் கஞ்சி வைத்தார்கள். நான் ஒரு சாவியைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை, என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்லறைத் தோட்டச் சுவர் கட்டிய கணக்கில் அப்பாவைச் சபைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாரே ஒருவர், உனக்கு நினைவிருக்கும். கணக்கில் ஒரு பைசா தவறில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அப்பா பொருளாளர் பொறுப்பை விட்டுவிட்டார், அந்த மனிதரோடு ஆறு வருடம் பேசவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். சபையில் சண்டை உண்டு, கமிட்டித் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பிகூட முகம் திருப்பிக்கொள்வார்கள். அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அப்பா போன அன்று ராத்திரி முழுவதும் மழை. தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததாம். அடக்கத்துக்கு முன் நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, அந்த மனிதர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு சேற்றில் குழிக்குள் நின்று வாளியால் தண்ணீரைக் கோரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணாச்சியைத் தண்ணியில வைக்கக்கூடாது" என்றார். நான் அவரை முற்றிலும் மன்னித்தது அந்த நிமிடத்தில்தான். அப்பாவும் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்.

எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் ஊர் திரும்பும் முன் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். ஒரே டாக்டரும், வெளியே காத்துக் கிடக்கும் நோயாளிகளுமாக இருந்ததைப் பார்த்தபின் அவரால் இந்த ஊரை விட முடியவில்லை. லண்டனில் கிடைக்கக்கூடிய பெரிய வேலையை வேண்டாம் என்று வைத்தார். அவ்வளவு பெரியதை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு கதவைத் தட்டச் சொல்கிறார்கள்.

போதகரிடம் சரி என்று சொல்லிவிடு. பன்னிரண்டும் முடியாது என்றால் நான்கு கேள், கொடுப்பார். போகும்போது சபைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்காதே. கொடுத்த காப்பியைக் குடி, கடிகாரத்தைப் பார்க்காதே. வாட்ஸ்அப் குழுவில் போடப் படம் எடுக்காதே, ஒரு மனிதனின் தேவையைப் படமாக்குவதை என்னால் பொறுக்க முடியாது. அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள், மருந்துச் சீட்டு மேசையில் கிடந்தால் வாங்கிவிட்டார்களா என்று கேள். கிளம்பும்போது நான்கு வரி ஜெபம் போதும். அதுவும் வரவில்லை என்றால் பரமண்டல ஜெபம் சொல், ஞாயிறு பள்ளியில் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கும் வயதான அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, லிப்டில் பார்த்தால் ஊர்ப் பேச்சுப் பேசுவார்கள் என்று. முதலில் அவர்களிடம் போ. அடுத்த வாரம் தக்கலையில் இருந்து அங்கே வரும் பையனிடம் ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டு பொதி கொடுத்துவிடுகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அவர்களுக்கு. முந்திரிக்கொத்தும் வைக்கலாம் என்று பார்த்தேன், கடிக்கப் பல் இருக்குமோ என்னவோ. போய்ப் பார்த்துவிட்டு எழுது. பல் இல்லையென்றால் அடுத்த முறை அவல் இடித்துச் சர்க்கரை போட்டு அனுப்புகிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா