மாத்திரைக்கு முன்பே கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறுவை சிகிச்சைக்கு முன் பதற்றத்தைத் தணிக்க மாத்திரையோ ஊசியோ தருவது மருத்துவமனைகளில் வழக்கம்தான். அந்த மருந்தில் எனக்குக் குறை இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிடுவதில்தான் குறை.

சில மாதங்களுக்கு முன் என் மனைவியின் பித்தப்பைக் கல் அறுவைக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். முதல் நாள் இரவு செவிலியர் ஒரு மாத்திரையைக் கொடுத்து, "நல்லாத் தூக்கம் வரும்மா" என்றார், விடிந்ததும் இன்னொன்று. தியேட்டருக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்து நின்ற பிறகே மயக்க மருந்துக்கான படிவம் விடுபட்டது தெரிந்து, கண் சொக்கிக் கிடந்தவரை உசுப்பிப் பேனாவைக் கையில் திணித்தார்கள். இனிஷியலின் மேலேயே பெயரும் விழுந்து, கடைசி எழுத்து கோட்டைவிட்டுச் சரிந்திருந்தது.

இவ்வாறு தரப்படும் அல்பிரசோலம், லோராசெபம், மிடாசோலம் போன்றவை அச்சத்தைத் தணிப்பதோடு, அதன்பின் நடப்பதும் சொல்லப்படுவதும் நினைவில் தங்காமலும் செய்யக்கூடியவை. அந்த நிலையில் எதை விளக்கி என்ன பயன்? முதியவர்களுக்குக் குழப்பமும், உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலும் ஏற்படலாம் என்பதால், குறட்டையைப் பற்றி மருத்துவர் கேட்பது வெறும் பேச்சுக்காக அல்ல.

என் மனைவி அன்றிரவு என்னிடம் மூன்று முறை கேட்டது, "பாதியில முழிச்சிக்கிட்டா என்னங்க பண்றது?" என்பது. அறுவை முடியும்வரை மயக்க மருந்து மருத்துவர் அருகிலேயே இருந்து நாடித்துடிப்பையும் மூச்சையும் கவனிப்பார் என்று அவரே ஐந்து நிமிடம் வந்து சொல்லியிருந்தால் பாதிப் பயம் அங்கேயே அகன்றிருக்கும். இது என் ஊகம் மட்டுமல்ல. மயக்க மருந்து மருத்துவர் முன்னதாக வந்து பேசிய நோயாளிகள், தூக்க மருந்து மட்டும் பெற்றவர்களைவிட அமைதியாக இருந்ததை 1963இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2015இல் பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், அறுவைக்கு முன் லோராசெபம் தந்ததால் நோயாளிகளின் மனநிறைவு கூடவில்லை. மயக்கம் தெளிந்து செயற்கை சுவாசக் குழாயை எடுப்பதுதான் தாமதமானது.

தாயை விட்டுப் பிரிய மறுத்து அலறும் குழந்தைக்கும், எவ்வளவு பேசியும் நடுக்கம் அடங்காதவருக்கும் மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் கடலூர் நோயாளிகள் பலர் எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கே செல்வதால், இரு பகுதிகளின் சுகாதாரத் துறைகளும் முதல் மாத்திரைக்கு முன்பே விளக்கமும் கையெழுத்தும் முடிந்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவிட வேண்டும். கையெழுத்து வாங்கிய நேரம், மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் ஆகியவை கேஸ் ஷீட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டு, உடனிருப்பவருக்கும் காட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.