வேகன்ஆருக்கு எந்த டயர்?

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் உன் வேகன்ஆர் காருக்கு நாலு டயரும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

மாற்றத்தான் வேண்டும். பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டை) இன்னும் பாதி இருக்கிறது என்கிறாய், ஆனால் 2019 வண்டி அது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையில் கடைசி நாலு இலக்கத்தைப் பார். 1519 என்றிருந்தால் 2019-இல் 15-ஆவது வாரம் தயாரானது. முழு எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளியே தெரியாவிட்டால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு உள்பக்கம் பார். ஆறு வருஷ வெயிலில் ரப்பர் இறுகிப்போயிருக்கும், பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்பு ஓடும். அந்த ரப்பர் காய்ந்த ரோட்டில் சமாளிக்கும், ஈரத்தில் பிடிக்காது. சட்டப்படி பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளம் 1.6 மி.மீ. ஆழம் ஆகும் வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்னத் திட்டு அதற்கான அடையாளம். மழைக்காலத்துக்கு 3 மி.மீ.க்குக் கீழே போனால் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கடைக்காரர் முதலில் காட்டப்போவது ‘லட்சம் கிலோமீட்டர் ஓடும்’ ரகம். நல்ல டயர்தான், ஆனால் உனக்கு இல்லை. மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறாய், ஆறு வருஷத்துக்கு 43,000. அதற்குள் வயசே டயரை முடித்துவிடும். நீ ஓட்டப்போகாத மிச்ச ஐம்பதாயிரத்துக்கு எதற்குக் காசு? அப்போலோவின் அமேசர் 4ஜி லைஃப், சியட்டின் மைலேஸ் எல்லாம் தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் டாக்சிக்காரருக்குச் சரி. நீ கேட்க வேண்டியது எளிதாக உருளும், ஈரத்தில் பிடிக்கும் டயர். மிஷலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ், பிரிட்ஜ்ஸ்டோனின் ஈகோபியா வரிசை என்று ஆரம்பித்து, உன் அளவில் எது இருக்கிறது என்று விசாரி. வண்டியோடு வந்த அதே மாடல் புதுசாகக் கிடைத்தாலும் தப்பில்லை. கம்பெனிக்காரன் மைலேஜ் கணக்குக்காகவே லேசாக உருளும் டயராகப் பார்த்துப் போட்டிருப்பான்.

உருளுவதும் பிடிப்பதும் எப்படி ஒன்றாகக் கிடைக்கும் என்று நீ கேட்பாய். டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அதில் சூடாகப் போகும் சக்தி உன் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. கரிப்பொடி அதிகமான பழைய கலவையில் அந்தச் சூட்டைக் குறைத்தால் ஈரப் பிடிப்பும் சேர்ந்து குறையும். கரிக்குப் பதில் சிலிகா சேர்த்து 1992-இல் மிஷலின் டயர் கொண்டுவந்த பிறகுதான் இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பெற முடிந்தது. உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 1 முதல் 2 சதவீதம் மிச்சம், அவ்வளவுதான் கணக்கு. ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டும் அதே மத்திய அரசுப் பணியகம் டயருக்கும் ஸ்டார் தருகிறது. எல்லா டயரிலும் அது இருக்காது, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அளவில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதே. உன்னுடையது 155/80 ஆர்13 (அகலம் 155 மி.மீ., பக்க உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 13 அங்குலம்), விட்டம் சுமார் 578 மி.மீ. ‘ஒரு சைஸ் கூட்டிக்கோங்க சார், வண்டி கம்பீரமா நிக்கும்’ என்று 165/80 எடுத்து வைப்பார்கள். விட்டம் 594 ஆகிவிடும், கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஒரு லிட்டர் இன்ஜின் இழுக்கத் திணறும், ஸ்டெப்னியோடும் ஒத்துப்போகாது. 175/70 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அகலம் கூடி எடையும் காற்றுத் தடையும் ஏறும். தேங்கின தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும், ஒல்லி டயர் கிழித்துக்கொண்டு போகும். அளவுக்குப் பக்கத்தில் 79எஸ் என்று இருக்கும்: ஒரு டயர் 437 கிலோ தாங்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. 79-க்குக் குறைந்த எண் வேண்டாம். எஸ்ஸுக்குப் பதில் அதைவிட வேகம் தாங்கும் டி (T) இருந்தால் பரவாயில்லை.

வாங்கும்போதும் தயாரிப்பு வாரத்தைப் பார், ஆறு மாசத்துக்கு மேல் பழசு என்றால் வேறு கேள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பில்லில் பார்த்துக்கொள்.

மாட்டும் இடத்தில் பக்கத்திலேயே நில். ரப்பர் வால்வு நாலும் புதுசாக மாற்றச் சொல். முப்பது நாற்பது ரூபாய்க்குப் பார்த்துப் பழசையே விட்டால், இரண்டு வருஷம் கழித்து அதன் அடியில் வெடித்துக் காற்று இறங்கும், பஞ்சர் கடைக்காரருக்கும் காரணம் பிடிபடாது. இரும்பு ரிம்மின் விளிம்பில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். காற்றடித்ததும் விளிம்பிலும் வால்விலும் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா பார். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வரட்டும், சக்கரத்தின் எடையைச் சமன்செய்ய ஒட்டும் பேலன்சிங் ஈயம் குறையும். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு ஓட விடாதே. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரைக் கையால் போடச் சொல்.

அலைன்மென்ட்டுக்கு முன்னால் பழைய முன்டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவு. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தப்பியிருக்கிறது. அதோடு ஓட்டினால் புது டயரும் அப்படியே தேயும். உன் வண்டியில் முறைப்படி திருத்தக்கூடியது முன்சக்கர டோ மட்டும்தான். ‘கேம்பர் அவுட், ஜாக்கி போட்டு வளைக்கணும்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. கேம்பர் என்பது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கோணம்; நிஜமாகவே அது தப்பியிருந்தால் எங்கோ பாகம் வளைந்திருக்கிறது, அதைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. மாற்றினதும் மைலேஜ் விழுந்ததாகத் தோன்றும், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே. தேய்ந்த டயர் விட்டத்தில் ஒரு செ.மீ. குறைந்திருக்கும், ஒரு சுற்றுக்கு 3 செ.மீ.க்கு மேல் குறைவாகத்தான் ஓடும். மீட்டர் எண்ணுவதோ சுற்றை. ஆகவே இதுவரை அது 2 சதவீதம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 20 என்று பார்த்தவனுக்கு இனி 19.6 தெரியும், பெட்ரோல் அதேதான் செலவாகும். போதாக்குறைக்குப் புதுப் பட்டன் உயரம், அதிகம் நெளியும், தேயத் தேயத்தான் லேசாகும். மூவாயிரம் கிலோமீட்டர் போனபின், ஒரே பங்கில், பெட்ரோல் குழாய் தானே நிற்கும் முதல் கட்-ஆஃப் வரை நிரப்பி இரண்டு டேங்க் அளந்து பார். 20 என்று இருந்தது 18-க்குக் கீழே வந்தால்தான் டயரையோ பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதையோ சந்தேகப்பட வேண்டும்.

காற்று டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, காலையில் வண்டி எடுத்ததும் பக்கத்துப் பங்கில். டயர் சூடானபின் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறிக் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் ஆறினபின் குறைந்து நிற்கும். நைட்ரஜன் உன் இஷ்டம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

ஸ்டெப்னியும் அதே 2019 சரக்கு. பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும் வைத்துக்கொள், அதை மாட்டிக்கொண்டு திருச்சி ரோட்டில் பறக்காதே. கடையில் சொல்லும் விலையை எழுது, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்